ஏர் பிடிக்க வந்த நட்சத்திரங்கள்: தேவ்னாரிலிருந்து பாவ்தன் வரை ஒரு வரலாறு

2021 ஜூன் மாதத்தில் அமேசான் பிரைம் தளத்தில் ‘கிளார்க்சன்ஸ் ஃபார்ம்’ என்னும் தொடர் வெளியானது. கார்களைப் பற்றிய நிகழ்ச்சிகளால் உலகப் புகழ் பெற்ற ஜெரமி கிளார்க்சன், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் 2008-இல் வாங்கிய ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்தைத் தாமே பயிரிட முற்படுவதுதான் அதன் கதை. தேவைக்கு மிஞ்சிய பெரிய டிராக்டர் ஒன்றை வாங்குகிறார். அது கொட்டகைக்குள் நுழையவில்லை. கோடு கோணலாக விதைக்கிறார். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் கேலப் கூப்பர் என்னும் உள்ளூர் இளைஞர் அவரை ஓயாமல் திட்டுகிறார். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பண்ணையின் இலாபம் 144 பவுண்டு. பார்வையாளர்கள் சிரித்தார்கள், இங்கிலாந்தின் உழவர்களோ தங்கள் வரவு செலவு முதன்முறையாக ஊரறியச் சொல்லப்பட்டதாகக் கருதினார்கள்.

இந்தத் தொடர் இந்தியாவிலும் ஏராளமானவர்களால் பார்க்கப்பட்டது. ‘நம் ஊரில் இப்படியொன்று வராதா’ என்னும் கேள்வியும் எழுந்தது. வந்திருக்கிறது. வேறு உருவத்தில், வேறு நோக்கத்தோடு, பெரும்பாலும் மராத்தியில் வந்திருக்கிறது. அதன் வேர்களைத் தேடிச் சென்றால் மும்பைத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்தில் கால் நிற்கிறது: செம்பூருக்கு அடுத்த தேவ்னார்.

1. தேவ்னார், 1956

டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954-இல் தேவ்னாரின் நிரந்தர வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த வளாகத்திற்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. யுனெஸ்கோவின் உதவியோடு அகில இந்திய வானொலி நடத்திய ‘பண்ணை வானொலி மன்றம்’ என்னும் சோதனையை மதிப்பிடும் பொறுப்பு அது. அதை ஏற்றவர் பால் நியூராத். ஆஸ்திரியாவில் பிறந்து, டாக்கௌ, புகன்வால்ட் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி, அமெரிக்காவில் சமூகவியலாளரானவர். பட விளக்கக் குறியீட்டு முறையை உருவாக்கிய ஓட்டோ நியூராத்தின் மகன்.

சோதனையின் அமைப்பு எளிமையானது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் பூனா, அகமத்நகர், நாசிக், வட சாத்தாரா, கோலாப்பூர் ஆகிய 5 மாவட்டங்களில் சுமார் 150 ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ 20 பேர் கொண்ட மன்றம். வாரத்திற்கு இருமுறை, 10 வாரங்கள், மொத்தம் 20 ஒலிபரப்புகள். கேட்டு முடித்ததும் கலைந்து செல்லக்கூடாது. கேட்டதைப் பற்றி விவாதிக்க வேண்டும். ஐயங்களையும் மறுப்புகளையும் எழுதி வானொலி நிலையத்திற்கு அனுப்ப வேண்டும். நிலையம் அவற்றுக்கு அடுத்த ஒலிபரப்புகளில் விடை கூற வேண்டும். 1941 முதல் கனடாவில் நடந்துவந்த வானொலி மன்றங்களே இதற்கு முன்மாதிரி.

ஒப்பீட்டுக்காக, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களும், பெட்டியே இல்லாத ஊர்களும் ஆராயப்பட்டன. நியூராத் கண்ட முடிவு இன்றும் தொடர்பியல் பாடங்களில் பேசப்படுகிறது. மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக வளர்ந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கருவி ஊருக்குள் வந்துவிட்டதால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடவில்லை. கேட்டவர்கள் கூடிப் பேசியதால் நிகழ்ந்தது. 1959-இல் இந்தத் திட்டம் நாடெங்கும் விரிக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டில் ஆசிரியர் யார், மாணவர் யார் என்பதில் ஐயமில்லை. வல்லுநர் கற்பித்தார், உழவர் கற்றார். ஆயினும் மாணவருக்கு எதிர்க்கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. அந்த உரிமை அமைப்பின் விதியாகவே எழுதப்பட்டிருந்தது. பின்னால் வந்தவற்றை அளக்க இந்தச் சிறு விவரம் உதவும்.

2. 1967: மூன்று திரைகள்

தமிழகத்தில் வானொலியின் செல்வாக்கிற்கு ஒரு நெல்லே சாட்சி. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. திருச்சி வானொலியின் வழியே அதனை அறிந்த உழவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, தமக்குச் செய்தி வந்த வழியை அவர்கள் பெயராக வைத்தார்கள்.

1967 ஜனவரி 26 அன்று தில்லியைச் சுற்றியிருந்த 80 ஊர்களுக்காக ‘கிருஷி தர்ஷன்’ தொடங்கியது. உழவு தொலைக்காட்சிக்குள் நுழைந்த நாள் அது. அதே ஆண்டில் மனோஜ் குமாரின் ‘உப்கார்’ வெளிவந்தது. லால் பகதூர் சாஸ்திரியின் ‘ஜெய் ஜவான், ஜெய் கிசான்’ முழக்கத்தைத் திரைக்கதையாக்கிய படம். அதே ஆண்டு நவம்பரில் தேவர் பிலிம்ஸ் தயாரிப்பில் எம்.ஜி.ஆர். நடித்த ‘விவசாயி’ வெளிவந்தது. உணவுப் பஞ்சமும் கப்பலில் வந்த அமெரிக்கக் கோதுமையும் நினைவில் கனத்துக்கொண்டிருந்த காலம். நட்சத்திரம் ஏர் பிடிப்பது என்பது அன்று நாட்டுக்கே விடுக்கப்படும் ஓர் அழைப்பாக இருந்தது.

ஆனால் அந்தத் திரைகளில் நட்சத்திரம் உழவைக் கற்கவில்லை. அவர் ஏற்கெனவே அறிந்தவராகவே தோன்றினார். சேற்றில் கால் வழுக்கும் நாயகனை 1967-இன் திரை தாங்கியிருக்காது.

மும்பையும் இந்த உழவுக் கதைக்கு வெளியே இருக்கவில்லை. செம்பூர்–டிராம்பே பகுதியில் 1960-களில் எழுந்த உரத்தொழிற்சாலை, பிற்காலத்தில் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் பகுதியாயிற்று. ‘சுஃபலா’ மூட்டைகள் அங்கிருந்துதான் மகாராஷ்டிரத்தின் வயல்களுக்குப் போயின. டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சால் விதைகளில் மாற்றத்தைத் தூண்டிப் புதிய நிலக்கடலை ரகங்களை உருவாக்கியது. அவற்றின் பெயர்களில் உள்ள ‘டி’ என்னும் எழுத்து டிராம்பேயைக் குறிப்பது. 1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதன் ‘ஆம்சி மாத்தி ஆம்சி மாணசே’ (நம் மண், நம் மனிதர்) என்னும் வேளாண் நிகழ்ச்சி மராத்தி வீடுகளில் நெடுங்காலம் ஒலித்தது. உரமும் விதையும் அறிவுரையும் இந்த நகரத்திலிருந்து ஊருக்குச் சென்றன. ஊரிலிருந்து நகரத்திற்கு மனிதர்கள் வந்தார்கள்.

3. மாணவர் இருக்கையில் நட்சத்திரம்

2003 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ‘தி சிம்பிள் லைஃப்’ என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பத் தொடங்கியது. பெருஞ்செல்வக் குடும்பங்களில் வளர்ந்த பாரிஸ் ஹில்டனும் நிக்கோல் ரிச்சியும் ஆர்கன்சா மாநிலத்தின் ஆல்ட்டஸ் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது, அதுவே நகைச்சுவை. அதற்கு முன்பே, 2001-இல், சுவீடனில் ‘ஃபார்மன்’ என்னும் போட்டி நிகழ்ச்சி பிறந்து பல நாடுகளுக்குப் பரவியிருந்தது.

இங்கே ஆசிரியரும் மாணவரும் இடம் மாறினார்கள். உழவர் கற்பிக்கிறார், நகரத்தின் செல்வர் கற்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் உழவருக்குக் கிடைத்த மதிப்பு இது. எனினும் நிகழ்ச்சியின் பொருள் உழவு அன்று, செல்வரின் தடுமாற்றம். உழவர் எவ்வளவு சரியாகக் கற்பித்தாலும் அவருக்குத் திரையில் சிறிய இடமே. நட்சத்திரம் எவ்வளவு தவறாகச் செய்தாலும் படக்கருவி அவர் முகத்தில்தான் நிற்கும்.

இந்த வடிவம் இந்திய மொழிகளுக்கும் வந்தது. தமிழில் 2018-இல் விஜய் தொலைக்காட்சி ‘வில்லா டு வில்லேஜ்’ என்ற பெயரில் நகரப் பெண்களைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றது. மராத்தியில் 2023 டிசம்பரில் ஜீ மராத்தி ‘ஜாவு பாய் காவாத்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. நடிகர் ஹார்திக் ஜோஷி தொகுத்து வழங்கிய அந்நிகழ்ச்சியில் நகரத்தில் வளர்ந்த இளம்பெண்கள் சாத்தாரா மாவட்டத்தின் பாவ்தனில் தங்கி ஊர் வேலைகளைப் பழகினார்கள். சாணம் தெளிப்பதும் மாடு கறப்பதும் வரப்பில் நடப்பதும் போட்டிகளாயின.

சாத்தாரா என்னும் பெயர் இங்கே கவனத்திற்கு உரியது. 1956-இல் வானொலி மன்றங்கள் கூடிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. அன்று அம்மாவட்டத்து ஊர்கள் கேள்வி எழுதி அனுப்பின. 2023-இல் அதே மாவட்டத்து ஊர் ஒன்று படப்பிடிப்புக் களமாயிற்று. இவ்விரண்டுக்கும் நடுவே அதே மாவட்டம் மூன்றாவதாக ஒரு முறையும் திரையில் தோன்றியது. அந்த நிகழ்வுதான் இக்கதையின் கனமான பகுதி.

4. தண்ணீருக்கு ஒரு கோப்பை

1990-களின் பிற்பகுதி முதல் மகாராஷ்டிரத்தின் விதர்பா, மராத்வாடா பகுதிகளிலிருந்து உழவர் தற்கொலைச் செய்திகள் இடைவிடாமல் வந்தன. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஓர் ஆய்வை மேற்கொண்டு 2005-இல் அறிக்கை அளித்தது. வானொலி மன்றங்களை மதிப்பிட்ட அதே நிறுவனம், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே மாநிலத்தின் உழவர்கள் ஏன் சாகிறார்கள் என்று எழுத வேண்டியதாயிற்று. அடுத்தடுத்துப் பொய்த்த விளைச்சல், ஏறிக்கொண்டே போன சாகுபடிச் செலவு, அடைக்க முடியாத கடன் என்பவை அறிக்கை எடுத்துரைத்த காரணங்களுள் சில.

2010-இல் ஆமிர் கான் தயாரிப்பில் அனுஷா ரிஸ்வி இயக்கிய ‘பீப்லி லைவ்’ வெளிவந்தது. கடனில் மூழ்கிய நாத்தா என்னும் உழவன் தற்கொலை செய்துகொள்ளப் போவதாகச் செய்தி பரவ, தொலைக்காட்சிகள் அவன் வீட்டு வாசலில் முகாமிடுகின்றன. அவன் எப்போது சாவான் என்பதே நேரலை. முடிவில் நாத்தா சாவதில்லை; முகத்தில் தூசி படிந்த கட்டடத் தொழிலாளியாக ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். உழவரைப் படம் பிடிக்கும் தொலைக்காட்சியைப் பற்றி இந்தியத் திரை வைத்த மிகக் கடுமையான விமர்சனங்களுள் ஒன்று அது.

அதைத் தயாரித்தவரே இரண்டு ஆண்டுகளில் தொலைக்காட்சிக்கு வந்தார். 2012 மே மாதம் தொடங்கிய ‘சத்யமேவ ஜெயதே’ தமிழிலும் ஒளிபரப்பானது. பூச்சிக்கொல்லி நஞ்சு பற்றியும் தண்ணீர் பற்றியும் அதில் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. 2016-இல் ஆமிர் கானும் கிரண் ராவும் ‘பானி ஃபவுண்டேஷன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். சத்யமேவ ஜெயதேயை இயக்கிய சத்யஜித் பட்கல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஊர்களுக்கிடையே ஒரு போட்டி: கோடையில் ஏறத்தாழ 45 நாள்களுக்குள் மழைநீரைத் தேக்கும் பணிகளை எந்த ஊர் சிறப்பாகச் செய்து முடிக்கிறது என்பதே கேள்வி. முதல் ஆண்டில் 3 வட்டங்களின் 116 ஊர்கள் கலந்துகொண்டன. சாத்தாரா மாவட்டம் கோரேகாவ் வட்டத்தின் வேளூ என்னும் சிற்றூர் 50 லட்சம் ரூபாய் முதற்பரிசை வென்றது. அடுத்த ஆண்டு 30 வட்டங்கள், 1,300-க்கு மேற்பட்ட ஊர்கள்; வார்தா மாவட்டத்தின் காகடதரா வென்றது. 2018-இல் போட்டி 75 வட்டங்களுக்கு விரிந்தது.

2017 ஏப்ரலில் ‘தூஃபான் ஆலயா’ (புயல் வந்துவிட்டது) என்னும் நிகழ்ச்சி மராத்தித் தொலைக்காட்சிகளில் வந்தது. புகழ்பெற்ற கலைஞர்கள் ஊர்களுக்குச் சென்று கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்தார்கள். சமமட்ட அகழி வெட்டுவது எப்படி, சரிவின் அளவை எப்படிக் கணிப்பது என்பவற்றை ஊர்க்காரர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இந்த வடிவத்தில் ஒரு நல்ல மாற்றம் இருந்தது. நட்சத்திரத்தின் தடுமாற்றம் நகைச்சுவைக்குப் பயன்படவில்லை. பரிசும் அவருக்கு உரியதன்று, ஊருக்கு உரியது. பயிற்சி பெற்றவர்கள் ஊர்க்காரர்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பிரிந்து கிடந்த தெருக்கள் ஒரே குன்றில் சேர்ந்து மண் வெட்டிய காட்சிகள் பொய்யல்ல.

இருப்பினும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. குன்றின் சரிவில் அகழி வெட்டினால் நீர் மண்ணுக்குள் இறங்கும். கீழே உள்ள கிணறுகளில் ஊறும். கிணறு யாருடையது? ‘ஷ்ரமதான்’ எனப்படும் உழைப்புக் கொடையை நிலமற்ற கூலித் தொழிலாளியும் தருகிறார், நில உடைமையாளரும் தருகிறார். ஊறிய நீர் இருவருக்கும் ஒரே அளவில் சேர்வதில்லை. கூலி வேலை நாள்கள் கூடலாம். குடிநீருக்காக நடக்கும் தொலைவு குறையலாம். ஆனால் நீரின்மேல் உரிமை நிலத்தோடு ஒட்டியே நிற்கிறது.

இதற்கு மறுமொழி மகாராஷ்டிரத்திலேயே முன்பே இருந்தது என்பதுதான் வியப்பு. 1972-இன் கொடும் பஞ்சத்திற்குப் பிறகு, பொறியாளரும் தொழிலதிபருமான விலாஸ்ராவ் சாளுங்கே, புணே மாவட்டம் புரந்தர் வட்டத்தின் நாய்காவில் ‘பானி பஞ்சாயத்து’ என்னும் முறையை உருவாக்கினார். அதன் விதிகள் துணிச்சலானவை. நீரின் பங்கு நிலத்தின் பரப்பைக் கொண்டு கணக்கிடப்படாது. குடும்பத்தின் தலைகளைக் கொண்டு கணக்கிடப்படும். ஒரு தலைக்கு அரை ஏக்கருக்கான நீர். ஒரு குடும்பத்திற்கு இரண்டரை ஏக்கர் வரை. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. நீரைக் குடிக்கும் கரும்புக்கு இடமில்லை. அந்தத் திட்டத்தில் நட்சத்திரம் இல்லை, கோப்பை இல்லை, பின்னணி இசையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

5. ‘விவசாயி’ என்னும் சொல்

யாரை உழவர் என்கிறோம் என்பதில்தான் இந்த நிகழ்ச்சிகள் அனைத்தும் வழுக்குகின்றன. சொற்களைச் சற்றே உரசிப் பார்த்தால் இது விளங்கும்.

தமிழில் ‘விவசாயம்’ என்றால் பயிர்த்தொழில். மும்பையில் வாழும் தமிழர் நாள்தோறும் கடைப் பலகைகளில் காணும் ‘வ்யவசாய்’ என்னும் மராத்திச் சொல்லுக்கோ தொழில், வணிகம் என்று பொருள். இரண்டும் ஒரே சமஸ்கிருத வேர். முயற்சி, ஊக்கம் என்பன மூலப்பொருள். ஒரு மொழி அதை வயலுக்கு ஒதுக்கியது. மற்றொன்று கடைக்கும் அலுவலுக்கும் அளித்தது. கிளார்க்சனின் 144 பவுண்டு இந்த இரண்டு பொருள்களும் மோதும் இடம்: தொழில் என்று நம்பிச் சென்றவர், அது தொழிலாகக் கணக்கில் தேறாததைக் காண்கிறார்.

‘பண்ணை’ என்னும் சொல்லுக்கு இன்னும் பெரிய சுமை இருக்கிறது. இன்றைய விளம்பரங்களில் அது பசுமையான, இனிய சொல். பண்ணை வீடு, பண்ணைச் சுற்றுலா, பண்ணை முட்டை. காவிரிப் படுகையிலோ அது ‘பண்ணையார்’ என்றும் ‘பண்ணையாள்’ என்றும் இரண்டாகப் பிரிந்து நின்ற சொல். 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான். ‘பண்ணை நடத்தக் கற்றுக்கொள்வது’ என்று சொல்லும்போது, நடத்துபவர் என்பதற்குள் ஓர் உடைமை ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது.

மராத்தியில் ‘ஷேத்கரி’ வேறு, ‘ஷேத்மஜூர்’ வேறு. முன்னவர் வயலுடையவர், பின்னவர் வயற்கூலி. அரசின் கணக்கேடுகளும் அவ்வாறே பிரிக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி வேளாண் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். அவர்களுள் சாகுபடியாளர் 5,207. வேளாண் கூலித் தொழிலாளர் 6,083. கூலிகளின் எண்ணிக்கையே கூடுதல். திரையில் ‘விவசாயியின் துயர்’ என்று வரும்போது இந்த இரண்டாம் எண்ணிக்கைக்கு முகம் கிடைப்பது அரிது.

நிலம் வாங்குவதிலும் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1948-ஆம் ஆண்டின் பம்பாய்க் குத்தகை மற்றும் வேளாண் நிலச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, உழவர் அல்லாதவர் மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி மகாராஷ்டிரத்தில் வேளாண் நிலம் வாங்க முடியாது. கிளார்க்சன் செய்ததுபோல் புகழும் பணமும் கொண்டு நினைத்தவுடன் வயல் வாங்கிவிட இங்கே இயலாது. தமிழ்நாட்டில் இத்தகைய தடை இல்லை. அதே சட்டம் ‘தாமே பயிரிடுதல்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், தம் மேற்பார்வையில் கூலியாள்களைக் கொண்டு பயிரிடுவதும் அடங்கும். கலப்பையைத் தொடாதவரும் ‘சாத்பாரா’ என்னும் நிலப் பதிவேட்டில் பெயர் இருந்தால் உழவரே. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கும் நிலம் வாங்க அச்சட்டம் இடமளிக்கிறது. வாங்கும் பணத்திற்குத்தான் அதில் பிரிவு இல்லை.

6. தாராவியில் முடியும் பாதை

இந்த இடத்தில் மும்பைத் தமிழரின் வரலாறு குறுக்கிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மாட்டுங்காவுக்கு வந்தவர்களில் பலர் ஆங்கிலக் கல்வியின் துணையோடு எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்தவர்கள். அவர்களுள் சிலருக்கு ஊரில் நிலம் இருந்தது. குத்தகைக்கு விட்டுவிட்டு வந்தார்கள். மாட்டுங்காச் சந்தையின் வாழையிலையும் முருங்கைக்காயும் அவர்களுக்கு ஊரின் நினைவு. தாராவிக்கு வந்தவர்களின் பாதை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அங்கே குடியேறினார்கள். 1887-இல் எழுந்த பெரிய பள்ளிவாசலும், 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் பழமையைச் சொல்பவை. வறட்சியும் கடனும் சாதியும் பின்னாலிருந்து தள்ள, அவர்களைத் தொடர்ந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் வந்தார்கள். உழவை நன்கு அறிந்த, ஆனால் உழுவதற்கு நிலமில்லாத மனிதர்களும் அவர்களிடையே இருந்தார்கள். ‘பீப்லி லைவ்’ நாத்தாவின் கடைசிக் காட்சி தாராவியில் பலருடைய முதல் காட்சி.

தொலைக்காட்சி அவர்களையும் விட்டுவைக்கவில்லை. 2010 ஜனவரியில் பிரிட்டனின் சேனல் 4, கட்டடக்கலை நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற கெவின் மெக்ளவுடைத் தாராவிக்கு அனுப்பி, அவர் அங்கே தங்கி வாழ்ந்ததை இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பியது. பண்ணையைக் கற்க வரும் நட்சத்திரத்தின் அதே வடிவம்: வெளியிலிருந்து வருபவர், அவருடைய அருவருப்பு, பின்னர் வியப்பு, பின்னர் விடைபெறல். களம் மட்டும் வயலிலிருந்து சந்துக்கு மாறியிருந்தது. நிலத்தை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நிலத்திலேயே இருந்துவிட்டவர்களைப் போலவே, வேறொருவருடைய பாடத்திற்குக் கரும்பலகை ஆனார்கள்.

அந்தக் குடியிருப்புக்கும் ஒரு சாத்பாரா உண்டு. தாராவி மறுசீரமைப்பில் அங்கேயே வீடு பெறுவதற்கு, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தமைக்கு ஆவணம் வேண்டும். ஊரில் பட்டா இல்லாததால் உழவர் ஆகாதவரின் வழித்தோன்றல், நகரத்தில் தாள் இல்லாததால் குடியிருப்பவரும் ஆகாமல் போகக்கூடும். பா. ரஞ்சித்தின் ‘காலா’ 2018-இல் தாராவியைக் களமாக்கியபோது நிலத்தையே கதையின் நடுவில் வைத்ததற்கு இந்த வரலாறே காரணம்.

7. எதைக் கொண்டு அளப்பது?

நட்சத்திரங்கள் வயலுக்குச் செல்வதைப் பழிப்பதற்கு இல்லை. கிளார்க்சனின் தொடரால் ஒரு நாட்டின் நகரவாசிகள் உரவிலையையும் மழைக்கணக்கையும் பேசத் தொடங்கினார்கள். 2015-இல் நானா பாட்டேகரும் மகரந்த் அனாஸ்புரேயும் தொடங்கிய ‘நாம் ஃபவுண்டேஷன்’ தற்கொலை செய்துகொண்ட உழவர்களின் குடும்பங்களைத் தேடிச் சென்றது. 2019-இல் நடிகர் கார்த்தி தொடங்கிய ‘உழவன் ஃபவுண்டேஷன்’ தமிழ்நாட்டில் உழவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. புகழ் என்பது ஒரு விளக்கு. அதை எங்கே திருப்புகிறார்கள் என்பதே கேள்வி.

அளவுகோல் ஒன்று தேவ்னாரில் 1956-லேயே கிடைத்துவிட்டது. பெட்டி இருந்தது, மன்றம் இல்லை என்ற ஊர்களில் ஒன்றும் மாறவில்லை. இன்றைய நிகழ்ச்சிகளுக்கு வாக்களிப்பும் கருத்துரைகளும் உண்டு. அவை பார்ப்பவருக்கான வாய்ப்புகள். படம்பிடிக்கப்பட்ட ஊருக்குத் திருப்பிக் கேட்கும் வழி ஏதும் அவற்றில் இல்லை. படப்பிடிப்பு முடிந்தபின் அந்த ஊரின் கேள்விகளுக்கு யாரேனும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்களா? கற்றுக்கொடுத்த மனிதரின் பெயர் நிகழ்ச்சிக்கு வெளியே எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா? ஊறிய நீரில் வெட்டியவருக்குப் பங்கு இருக்கிறதா? நாய்காவின் எளிய மனிதர்கள் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று விதி எழுதினார்கள். சாத்தாராவின் வானொலி மன்றங்கள் முதற்கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்தன.

இரண்டாம் கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. நட்சத்திரம் ஏர் பிடிக்கும் அடுத்த நிகழ்ச்சியைப் பார்க்க நேர்கையில், அவருக்குப் பக்கத்தில் நின்று நுகத்தடியைச் சரிசெய்யும் மனிதரைக் கவனிக்கலாம். அவர் நிலத்தின் உடைமையாளரா, அன்றைய கூலிக்கு வந்தவரா என்பதை நிகழ்ச்சி சொல்கிறதா என்று பார்க்கலாம். சொல்லாவிட்டால், அந்த மௌனத்திலிருந்து தாராவிக்கு எவ்வளவு தூரம் என்பதை மும்பைத் தமிழர்கள் அறிவார்கள்.